சொல்லவில்லை என்றொரு விடை

இன்று காலை ஹெட்போனை மாட்டியதும் உன் குரல் கேட்டது. ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நாம் எடுத்த பழைய நேர்காணல்களை எழுத்தில் இறக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. "அழுங்கக்கா, அவசரமில்ல. கேள்வி எங்கயும் ஓடிப்போவாது" என்கிறாய். அதோடு பதிவு நின்றுவிடுகிறது. நிறுத்தியது நீதான், பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் வேலைக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனோம். புள்ளிவிபர மென்பொருள் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும், மூன்று மொழியும் பேச வேண்டும் என்றிருந்தது விளம்பரம். முதல் நேர்முகப் பரீட்சையில் இருவரையும் கழித்துவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி, "மென்பொருள படிச்சிரலாம்டி. இந்த வாய்க் கூச்சத்த எங்க போய்ப் படிக்கிறது?" என்றாய். அடுத்த முறைக்குள் மென்பொருளை நீயாகவே பழகி, எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாய். அந்த முறை இருவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

கொழுந்தெடுக்கும் பெண்களின் பிரசவங்களைப் பற்றியது எங்கள் முதல் ஆய்வு. குழந்தை ஏதும் இறந்ததா என்ற கேள்வியில்தான் இந்தப் பதிவில் இருக்கும் அக்கா உடைந்துபோனார். படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக வந்ததைப் பார்த்த பேராசிரியர், "வெறுமையா விடேலாது, பூச்சியத்தைப் போடுங்கோ" என்றார்.

"இல்லைங்கிறது வேற, சொல்லலைங்கிறது வேற சேர். பூச்சியம் போட்டா அந்தப் புள்ள இருந்ததே இல்லன்னு ஆயிரும்" என்றாய் நீ.

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு 'சொல்லவில்லை' என்று தனியாக ஒரு குறியீடு சேர்த்தார்.

பிறகு நாட்கணக்கில் பெய்த அடைமழையில், அம்மா தனியாக இருக்கிறார் என்று உன் ஊரான வலப்பனைக்கு ஓடினாய். அவரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட, நீங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினாய். அப்போதுதான் மலை சரிந்து இறங்கியது. தோண்டியெடுத்த பிறகும் உன் முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

இப்போது மண்சரிவில் வீடிழந்தவர்களைப் பற்றி ஆய்வு. தெரிவான பெயர்களில் உன் அம்மாவும் இருந்தார். வேறொருவரை அனுப்பியிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருத்தி அவரிடம் இதைக் கேட்பதை என்னால் நினைக்க முடியவில்லை; நானே போனேன். முகாமில் தன் கூடாரத்துக்குள் என்னை உட்காரவைத்து, "கேளும்மா, ஒன் வேலதானே" என்றார்.

வீட்டில் இறந்தவர்கள்?

"ஒருத்தி."

வயதைச் சொன்னார். படிப்பு என்று கேட்டேன்.

"நீதானே கூடப் படிச்ச. நீயே போட்டுக்க."

போட்டேன். நான் எழுந்தபோது, "இதெல்லாம் எழுதிட்டுப் போனா எங்களுக்கு வீடு வருமாம்மா?" என்று கேட்டார். வரும் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"தெரியலம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவளும் இப்புடித்தான் சொல்லியிருப்பா. வந்தவங்க எல்லாம் வரும் வரும்னுட்டுத்தான் போனாங்க."

அடுத்த கூடாரத்திலும் அதே கேள்வி வந்தது. அதே பதிலைத்தான் சொன்னேன். தெரியாத கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பாமல் விடுவது: உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். எத்தனை வாசலில் சொல்லியும் அது எனக்கு இன்னும் பழகவில்லை.