புது அறையின் காற்று

நவம்பர் 9

குளிருக்கு ஜன்னல் இடுக்குகளில் மாவுப்பசை தடவிக் காகிதம் ஒட்டியாயிற்று. இனி ஏப்ரல் வரை திறக்க முடியாது. பாதி வேலையில் நகரத்திலிருந்து குல்சாத் என்ற பெண் வந்தாள். பழைய யுரேனியச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் காற்றைச் சோதிக்கிறார்களாம். மண்ணிலும் கல்லிலுமிருந்து ரேடான் என்று ஒரு வாயு கசியும், நிறமில்லை, மணமில்லை, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்று வரும் என்றாள். உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா ஒன்றை மருமகள் பெர்மெத்தும் பேத்தியும் தூங்கும் அறை அலமாரியில் வைத்தாள். மூன்று மாதம் தொடக்கூடாது.

"அதுவரைக்கும் பாப்பாவ வேற அறையில படுக்க வைங்க. ஆமா, தரைக்கு அடியில என்ன கல்லு போட்டிருக்கீங்க?"

"ஆத்துக்கல்லு" என்றேன்.

நவம்பர் 10

பொய். சுரங்கத்துக் குப்பைமேட்டுக் கல். ஊரே அள்ளியது. மகன் தாலாய்க்குக் கல்யாணம் வைத்தபோது, அவனுக்குப் புது அறை கட்ட, என் லாரியில் ஆறு நடை அடித்தேன். களிமண் கலக்காத நல்ல சல்லி. சும்மா கிடைத்தால் எனக்கொன்று, என் அப்பனுக்கொன்று.

நவம்பர் 13

மனசே சரியில்லை. அளவு கூடுதலாக வந்தால்? தாலாய் ரஷ்யாவில் செங்கல் சுமக்கிறான். பெர்மெத்தின் அண்ணன் மறுநாளே வந்து அவளையும் பேத்தியையும் கூட்டிப் போய்விடுவான். விஷ வீடு என்று ஊர் சிரிக்கும்.

டப்பாவை எடுத்து மாட்டுக்கொட்டகை மாடத்தில் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 3

மாடுகள் நலம். அவற்றின் காற்றும் நலமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 11

நேற்று டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்தேன். இன்று குல்சாத் எடுத்துப் போனாள். நன்றி வேறு சொன்னாள்.

பிப்ரவரி 27

குல்சாத்திடமிருந்து போன் வந்தது. ரேடான் அளவு நாற்பத்தொன்று. இருநூறு வரைக்கும் பயமில்லையாம். என் மனைவி சாய்ரா அழுதேவிட்டாள். ஆபத்து விலகினால் செய்கிற மாதிரி ஏழு ரொட்டி பொரித்து ஏழு வீட்டுக்குக் கொடுத்தாள். மிஞ்சிய துண்டை என் வாயில் திணித்தாள். "மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்கீங்க? சந்தோஷமாத் தின்னுங்க!"

சாயங்காலம் பெர்மெத் தொட்டிலைத் தன் அறைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். மறுபக்கம் நான் பிடித்தேன். பிடித்தேனே!

மார்ச் 1

பேத்தி அய்தாய் உள்ளே தூங்குகிறாள். கதவருகே நின்று அவள் மூச்சை எண்ணுகிறேன். என்ன மனுஷன் நான்?

மார்ச் 2

சொல்லிவிட்டேன். கல், பொய், கொட்டகை — எல்லாம். சாய்ரா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏழு வீட்டுக்கு ரொட்டி கொடுத்தேனே, பாவி மனுஷா!"

பெர்மெத் குரலை உயர்த்தவே இல்லை. "டப்பாவ மாட்டுக்கிட்ட வச்சீங்க. எம்புள்ளய அந்தக் கல்லு மேல படுக்க விட்டுட்டீங்களே, மாமா."

மார்ச் 4

அவள் அண்ணன் வண்டியோடு வந்தான். நான் அந்த அறையின் தரைப்பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். "கல்லையெல்லாம் அள்ளிட்டுச் சொல்லி அனுப்புறேன்மா" என்று பெர்மெத்திடம் சொன்னேன்.

எங்கள் பக்கம் மருமகள் மாமனாருக்கு முதுகு காட்டமாட்டாள். அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துதான் வாசலைக் கடப்பாள். வந்த இரண்டு வருடத்தில் பெர்மெத் ஒருநாளும் தவறியதில்லை. இன்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, நேராக நடந்து போனாள்.