சுரண்டாத சீட்டு

கிளேஸ் பே,
டிசம்பர் 28

அன்பு மகன் ரோரிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், பனி விழுந்தால் என் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. ஆல்பர்ட்டா குளிரில் நீயும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். நீ அனுப்பிய பெட்டி கிறிஸ்துமஸுக்கு முதல் நாளே வந்துவிட்டது, கம்பளிப் போர்வை நல்ல கனம், அப்பா அதைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

வழக்கம்போல ஆளுக்கொரு சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டும் உறையில் வைத்திருந்தாய். உன்மேல் குறை இல்லை, பரிசு போடத் தொங்கவிடும் காலுறைக்குள் ஆரஞ்சும் சீட்டும் இல்லாமல் நம் வீட்டில் எந்தக் கிறிஸ்துமஸ் நடந்தது. இந்த வருஷம் சீட்டு வேண்டாமென்று உன் அக்கா மொரீன் எங்களிடம் சொன்னாள், உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். உன் அத்தான் ஹெக்டர் மதுக்கடைச் சூதாட்ட மெஷின் முன்னால் உட்கார ஆரம்பித்ததிலிருந்து அவள் பட்ட பாடு உனக்கு முழுதாகத் தெரியாது. மாவு பிசையும்போதுகூடக் கைப்பையைத் தோளிலிருந்து இறக்க மாட்டாள், அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடப்பாள். நாங்களும் அவர் உள்ளே வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்தப் பழகியிருந்தோம். போன வசந்தத்தில் அவரே போய், இனி என்னை உள்ளே விடாதீர்கள் என்று மதுக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார், அதுவும் பத்துப் பேர் பார்க்க. அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்.

உறை ஒட்டியிருந்ததால் வாழ்த்து அட்டை என்று நினைத்து நான் காலுறைகளில் செருகிவிட்டேன். காலையில் ஹெக்டர் பிரித்தார், சீட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். மொரீன் திரும்பவே இல்லை, வெந்துவிட்ட கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "அடிச்சாலும் எனக்கு ஆபத்து, அடிக்கலேன்னாலும் ஆபத்து அத்தை, அந்த விறகடுப்புக் கதவைக் கொஞ்சம் திறங்க" என்றார், சுரண்டாமலே நெருப்பில் போட்டார். அப்பாவும் தன்னுடையதைப் போட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு, எனக்குக் கண்ணாடி தேடற வேலை மிச்சம்" என்றார், எல்லாரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவரைப் போல மருமகன் கிடைத்ததில் பெருமையாக இருந்தது.

மறுநாள் பால் தீர்ந்துபோனது. பெட்ரோல் பங்க் கடை மட்டும்தான் திறந்திருந்தது, அங்கே கல்லாவுக்கு முன்னால் கண்ணாடிக்குள் அந்தச் சீட்டுகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மொரீன் கைப்பையைக் கழற்றி அப்படியே ஹெக்டரிடம் நீட்டினாள். "முழுசாவா?" என்று கேட்டார். "எனக்குத் தோள் வலிக்குது, ஹெக்டர்" என்றாள், அவ்வளவுதான். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினாள். என் மகளின் மனத்திடம் எனக்கு இல்லை, நான்தான் ஜன்னலோரம் நின்றேன். நேரம் நகரவே இல்லை. கடைசியில், தெருவே பார்க்க அவளுடைய சிவப்புக் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் பாலோடு நடந்து வந்தார்.

அடுத்த வருஷம் ஆரஞ்சு போதும் மகனே. அத்தானுக்கு ஒரு போன் பண்ணு, மன்னிப்பெல்லாம் கேட்காதே, பனியைப் பற்றிப் பேசு. வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உனக்குத் துணையிருப்பார். இதை எழுதும்போது உன் அக்கா எதிரே ரொட்டிக்கு மாவு பிசைகிறாள், தோளில் ஒன்றுமில்லை.

என்றும் உன் நினைவாக,
அம்மா தெரேசா