அப்பாவின் காரில் சித்தப்பாவின் இன்ஜின்

கச்சிராயபாளையம்
18-10-1987, ஞாயிறு

அன்புள்ள மகன் எட்வினுக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மாதாவின் தயவில் நானும் என் முழங்கால்களும் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறோம். குவைத்தில் நீயும் மெர்லினும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து வர வர மோசமாகிறது, முகவரியைத் தபால்காரர் எப்படிப் படித்தாரோ. அப்பா விட்டுப்போன பென்ஸை யாரும் தொடக் கூடாது, கிறிஸ்துமஸுக்கு வரும்போது பழைய இன்ஜினுக்கு வேண்டிய பாகங்களைக் கொண்டுவந்து நானே ஓட வைப்பேன் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்குள் இன்ஜினை மாற்றியாயிற்று. முன்பே வந்திருந்தாலும் மாற்றித்தான் இருப்பேன், சாக்குச் சொல்வது எனக்குப் பிடிக்காது. முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

போன மாதம் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலைப் பற்றி அங்கேயும் பேப்பரில் வந்திருக்கும். ஒரு வாரம் பஸ் இல்லை, பால் இல்லை, வெட்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்தது. சாலையோர மரங்களை வரிசையாகச் சாய்த்துவிட்டார்கள். பிள்ளைகள் கேட்பதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன், மரத்தை வெட்டியது சரி என்றும் சொல்ல மாட்டேன். சங்கராபுரத்திலிருந்து கிளம்பிய உன் சித்தப்பா சேவியர்ராஜ், வழியில் மறித்ததும் தன் பென்ஸை ஓரமாக விட்டுவிட்டு நடந்தே வீடு திரும்பியிருக்கிறார். எங்கே விட்டார் தெரியுமா, வெயில் படாமல் இருக்கட்டுமென்று ஒரு புளியமரத்தடியில். மரம் வெட்டுகிற வாரத்தில் மர நிழல் தேடியவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். இருட்டியதும் அந்த மரமும் விழுந்தது. கூரை நசுங்கிக் கதவெல்லாம் மடங்கிவிட்டன, முன்பக்கமும் இன்ஜினும்தான் தப்பின.

அதே வாரம் நம் டிரைவர் பச்சமுத்துவின் மகன் சிவசங்கரை, மறியலுக்குப் போனதற்காகப் போலீஸார் பிடித்துக் கடலூர் ஜெயிலில் அடைத்துவிட்டார்கள். உனக்குத் தெரியுமே, பி.காம். படித்துவிட்டு வேலைக்கு மனு போட்டுப் போட்டுச் சலித்த பிள்ளை. சொத்துள்ள ஒருவர் கடலூர் கோர்ட்டுக்கு நேரில் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வக்கீல். என்னைத் தவிரப் பச்சமுத்துவுக்கு யார் இருக்கிறார்கள்? பஸ் மாறி மாறிப் போக என் கால்கள் கேட்காது. வாடகைக் கார்க்காரர்கள் கல்லெறிக்குப் பயந்து வர மறுத்தார்கள். நம் காரோ இன்ஜின் செத்து ஷெட்டில் கிடக்கிறது. சித்தப்பா பூசை முடிந்து நம் வீட்டில் காபி குடிக்கும்போது கேட்டேன், உடைந்த வண்டியின் இன்ஜினைக் கொடுங்கள், அண்ணன் காரில் வைத்துக்கொள்கிறேன் என்று. அவர் முகம் சிவந்துவிட்டது. "என் வண்டி மேல மரத்த சாய்ச்சவங்கள்ல ஒருத்தன கூட்டியார என் இன்ஜினையே கேக்கறீங்களே அண்ணி, இது இன்னா நாயம்" என்றார். பச்சமுத்து அங்கேயே நின்றிருந்தான். உன் மகன் அந்த மரத்தை வெட்டினானா என்று நேராகவே கேட்டேன். "நான் கேக்கலம்மா. கேட்டா மறைக்க மாட்டான், சொல்லிடுவான். அப்பறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு உங்களாண்ட வந்து நிப்பேன்" என்றான். சித்தப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாள் ஒரு டிராக்டர் அந்த நசுங்கிய காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நம் வாசலில் நிறுத்தியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து லாரி மெக்கானிக் கண்ணாயிரம் வந்தான். வேலையில் பாதி, பேச்சில் பாதி. அப்பாவுடையது பின்னால் மீன்வால் வைத்த அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி, சித்தப்பாவுடையது எழுபத்திரண்டு, அதற்கு அடுத்த தலைமுறை, பொருந்துமா என்றேன். "அப்பன் சட்ட புள்ளைக்கு சேராதா, இது புள்ள சட்ட அப்பனுக்கு, அவ்ளோதான்" என்றான். இன்ஜின் சிறு மாற்றத்தோடு உட்கார்ந்துவிட்டது. அதோடு வந்த கியர்பெட்டிக்குத்தான் கியர் போடும் கம்பு தரையில், அப்பாவின் வண்டியில் அது ஸ்டீயரிங்குக்குக் கீழே அல்லவா. தரைத் தகட்டில் துளை போட வேண்டும் என்றான். சாக்பீஸால் நானே வட்டம் வரைந்து கொடுத்து, ஓரத்தை அரம் போட்டு வழவழப்பாக்கும் வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிமலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம், இழுக்கிறது. இன்ஜின் எண் மாறியதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனு அனுப்பிய பிறகுதான் கடலூருக்கு எடுக்கவிட்டேன். வழியெல்லாம் பச்சமுத்துவின் கை பழைய இடத்துக்கே போய்க் காற்றைப் பிடித்தது. உளுந்தூர்பேட்டையில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது, பின்னால் வந்த லாரிக்காரன் சொன்னதை எழுத மாட்டேன்.

கையெழுத்துப் போட்டேன், சிவசங்கரை விட்டார்கள். இளைத்துவிட்டான், கறுத்துவிட்டான். கள்ளக்குறிச்சி வந்ததும், "அப்பா, சங்கராபுரம் போயி சேவியர் ஐயா வூட்டாண்ட நிறுத்து" என்றான். யார் காரின் இன்ஜினில் வருகிறோம் என்று பச்சமுத்து சொல்லியிருக்க வேண்டும். இறங்கிச் சித்தப்பா முன்னால் போய் நின்று, "அந்த மரத்துல நானும் கை வச்சேங்க. இருட்டுல கீழ வண்டி இருக்கறது தெரியல" என்றான். பச்சமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன், இதில் நான் பேச ஒன்றுமில்லை. சித்தப்பா நேரே வந்து பானெட்டைத் தூக்கினார். தன் இன்ஜினைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ரேடியேட்டர் பக்கம் கையைக் கொண்டுபோய் இழுத்துக்கொண்டார். "தண்ணி கம்மியா இருக்கும் போல. சூடா கீது, இப்ப தெறக்க முடியாது, ஆறட்டும்" என்றவர் அவன் பக்கம் திரும்பி, "நீ உள்ள வந்து குந்து" என்றார். கிரேஸ் சித்தி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். ஆறிய பிறகு சிவசங்கர்தான் கிணற்றில் இறைத்து வந்து ஊற்றினான், சித்தப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது, "எட்வின் வந்து இன்ஜின கழட்டறேன்னு நின்னா, ஓடட்டும்னு சித்தப்பா சொன்னாருன்னு எழுதுங்க அண்ணி" என்றார். எழுதிவிட்டேன்.

அப்பாவின் இன்ஜினைக் கிரீஸ் தடவித் தார்ப்பாயில் சுற்றிப் பலகை மேல் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்பதை நீ வந்து சொல். குழந்தையிடம் தமிழில் பேச வேண்டுமென்று மெர்லினிடம் சொல். வெயிலில் அலையாதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. வரும்போது பழைய இன்ஜின் பாகங்கள் வேண்டாம், எழுபத்திரண்டு மாடலுக்கு இன்ஜின் தாங்கும் ரப்பர் ஒரு ஜோடி வாங்கி வா, கண்ணாயிரம் லாரி ரப்பரை வெட்டி வைத்திருக்கிறான்.

உன் அன்புள்ள அம்மா,
ரோஸ்லின் மேரி