பீப்பாயில் சுருண்டு வந்த கட்டிங் மேட்

குமாசி,
செவ்வாய்க்கிழமை காலை.

ஹாம்பர்க் நகரத்துக் குளிரையும் சரக்குக் கிடங்கையும் ஒற்றைக் கையால் கட்டி ஆளுகிற என் அக்கா மகன் யாவ் அட்டகோராவுக்கு, நானாக்களின், அதாவது நம் அரசர்களின், பாதம் தாங்கும் செருப்புச் சக்கரவர்த்தி, உன் மாமன் க்வாசி அம்பொன்சா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அத்தை டெச்சிவாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, மானத்துக்குத்தான் ஒரு வாரமாகக் காய்ச்சல். உன் உடம்பு எப்படியிருக்கிறது என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள் அத்தை, கேட்டுவிட்டேன். நான் கேட்க வேண்டியது வேறு.

போன மாதம் நீ அனுப்பிய நீலப் பீப்பாய் வந்து சேர்ந்தது. இந்த ஊரில் ஆட்டுக்குக்கூடப் போட முடியாத ஐந்து கோட்டு, நாலு சோப்பு, நடுவில் உலக்கை மாதிரி சுருட்டிக் கயிறு கட்டிய பச்சைக் கட்டிங் மேட். தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். மரப்பலகையில் தோல் வெட்டினால் கத்தி மரத்தின் ரேகை போகிற வழியே ஓடிவிடும், முனையும் மழுங்கிவிடும், என் மருமகன் அனுப்பியதில் கீறினால் கீறல் தானே மூடிக்கொள்ளும், ஐரோப்பாவில் ராஜாக்கள் இதன்மேல் படுத்துத்தான் தூங்குகிறார்கள் என்று அளந்துவிட்டேன். மேசையில் போட்டால் விரிய மாட்டேன் என்கிறது. நாலு மூலையிலும் கல் வைத்தேன், நடுவில் உன் அத்தையையே உட்காரவைத்தேன், ஒன்பது யானை ஏறி இறங்கினாலும் மறுபடி சுருண்டுகொள்ளும் பிறவி அது. உனக்குப் போன் போட்டேன். "மாமா, பிரேக்கு முடியப் போவுது, வெயில்ல போடுங்க, தானா படிஞ்சுரும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ சொன்னது ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகிற உன் ஊர் வெயிலை நினைத்து. நான் போட்டது நம் தகரக் கூரைமேல், உச்சி வேளையில். இருபது வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே வெந்து வளர்ந்தவனுக்கு அது எப்படி மறந்துபோகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை, இப்போது வேறு எதையும் யோசிப்பதில்லை.

இறக்கிப் பார்த்தால் சுருள் போய்விட்டது, பதிலுக்கு நடுவில் ஒட்டகத்தின் முதுகு எழுந்து நிற்கிறது. அத்தை அப்போதே சொன்னாள், "யோவ், இதுல நானாவோட செருப்ப வெட்டாத, பழைய பலகையே போதும்" என்று. மருமகன் அனுப்பியது என்கிற கொழுப்பில் நான் கேட்கவில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் அக்வாசிடே திருவிழாவுக்கு எட்டே நாள்தான் இருந்தது, மேட்டில் போட்டிருந்த அளவுக் கோட்டை நம்பி வெட்டினேன். மேட் வளைந்தால் கோடும் வளையும் என்பது இந்தச் சக்கரவர்த்தியின் மண்டைக்கு எட்டவில்லை. வலது செருப்பின் வார் கோக்கிற துளை ஒரு நெல்லளவு ஓரத்துக்குப் போய்விட்டது.

போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, திருவிழாவில் நானா பல்லக்கிலிருந்து இறங்கினார். முரசு, குடை, ஊர் மொத்தமும் அங்கே. இரண்டாவது அடியில் துளை கிழிந்து வார் பிடுங்கிக்கொண்டது. வெறும் பாதம் மண்ணுக்கு ஒரு சாண் மேலே வந்தபோது இரண்டு பேர் பாய்ந்து ஏந்திக்கொண்டார்கள். முரசு நின்றது, பறக்கிற கொக்குகூட அப்படியே ஆகாயத்தில் நின்றது, நான் பார்த்தேன். நானாவின் பாதம் மண்ணைத் தொட்டால் ஊருக்கு என்ன கேடு வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடவில்லை, ஆனாலும் அன்று மாலையே ஆடு வெட்டிப் பரிகாரம் செய்தார்கள். மறுநாள் நானாவின் கோல் பிடிக்கும் பொன்சு நம் கடைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அம்பொன்சா, உன் மாமன் தச்ச செருப்புல மூணு நானா நடந்தாங்க. நீ தச்சது ஒருத்தரையே கவுக்கப் பாத்துச்சே. வாய நீட்டி நீட்டிக் கை குட்டையாப் போச்சா?" என்று கேட்டார். பத்துப் பேர் சிரித்தார்கள். அடுத்த அக்வாசிடேக்குப் புது ஜோடி வேண்டும், எனக்குப்பின் யார் கை வெட்டுமோ அவனும் என்னோடு மண்டியிட்டு அதை நானாவின் காலடியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் அரண்மனை வேலை வேறு வீட்டுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு, "உன் அக்கா மகன் வருவானா?" என்றார். ஆயுளில் முதல் தடவையாக எனக்கு ஒன்றைப் பெரிதாக்கிச் சொல்ல வரவில்லை. தெரியாது என்றேன்.

சரி, மேட் விஷயத்தை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு இன்னொன்று அனுப்பத் தோன்றிவிடும். அனுப்பாதே. பை தைக்கிற பெண் ஒருத்தியிடம் கேட்டு வேறு வாங்கிவிட்டேன். கூரையில் போட்ட கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். மேசையைவிட நாலு பக்கமும் ஒரு விரல் குறைவாக இருக்க வேண்டும், வெளியே நீட்டினால் ஓரம் தொங்கிப்போகும். தோல் வெட்டக் கனமானதே வேண்டும். இரண்டு துண்டைச் சேர்த்துப் போட்டால் இடுக்கில் கத்தி விழும். அதிலிருக்கிற அளவுக் கோட்டை இரும்பு அடிக்கோலால் அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. சுருட்டவே கூடாது. இரண்டு பேர் தலையில் படுக்கைவாட்டில் வைத்துச் சந்தை வழியாகக் கொண்டுவந்தோம், பிணம் போகிறதென்று நினைத்து நாலு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். இப்போது வெயில் படாத சுவரோரம் கிடக்கிறது. கோந்துப் பானையும் சூட்டுக்கோலும் அதன் பக்கம் வராது. செம்பனைச் சூப் கிண்ணத்தைச் சூடாக அதன்மேல் வைக்க வந்த உன் அத்தையை நாடுகடத்தப் பார்த்தேன். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் துடைக்கிறேன். ஒரே இடத்தில் வெட்டினால் பள்ளம் விழுமென்று வாரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடப் போகிறேன். ஒரு பச்சைத் தகட்டுக்கு இத்தனை பார்க்கிறேன். உன்னை வளர்த்தபோது இதில் பாதி பார்த்திருந்தால் போதும் என்று அத்தை சொல்கிறாள்.

லீவு இல்லை, விசாக் காகிதம் வரவில்லை, அடுத்த வருஷம் நிச்சயம் என்று எழுதாதே. ஆறு வருஷமாக இந்த மூன்றையும் சாப்பிட்டுச் செரித்துவிட்டேன். உன் அம்மா போனபிறகு மாமனும் நான்தான், தகப்பனும் நான்தான். என் மாமன் கையிலிருந்து எனக்கு வந்த தோல் வெட்டும் கத்தி நம் வழக்கப்படி என் பிள்ளைகளுக்குப் போகாது, அக்கா மகன் உனக்குத்தான். பெரியவன் அதைக் கேட்டபோது நான் கைநீட்டி அடித்தேன், அந்தக் கை இன்னும் எனக்கு வலிக்கிறது. யாருக்காக அடித்தேன் என்று நீ யோசித்துப் பார்.

உன் தலைமேல் உன் அம்மாவின் கண் இருக்கட்டும், குளிரில் உன் நெஞ்சு உறைந்துபோகாமல் இருக்கட்டும், எங்கே நின்றாலும் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும். மனசு கசந்துதான் வாழ்த்துகிறேன், ஆனாலும் வாழ்த்துதான். அக்வாசிடேக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நானா முன்னால் போகும்போது உன் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும், மறந்திருப்பாய். வலது செருப்பை வெட்டி முடித்துவிட்டேன். இடதுக்கான தோலை அளந்து, புது மேட்டில் நீ உட்காரும் பக்கத்தில் வைத்திருக்கிறேன், கத்தி படவில்லை. திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை உச்சி வேளை வரை அது அங்கே இருக்கும். அதற்குப்பிறகு அதையும் நானே வெட்டுவேன்.

இப்படிக்கு,
பட்டங்கள் எதுவும் இல்லாமல்,
உன் மாமன்
க்வாசி அம்பொன்சா