இறுகிப்போன ஸ்டீயரிங்

வியாழன், இரவு. ஆஸ்பத்திரி வராண்டா.

மேரியும் குழந்தையும் உள்ளே தூங்குகிறார்கள். எனக்குத்தான் கண் மூட முடியவில்லை.

காலையில் மேரிக்கு வலி எடுத்ததும் காரின் முன்சீட்டில் உட்காரவைத்தேன். கீழக்குயில்குடியிலிருந்து காளவாசல் ஆஸ்பத்திரி வரை போக வேண்டும். சாவி திரும்பவே இல்லை. ஸ்டீயரிங்கும் அசையவில்லை. நேற்று நிறுத்தியபோது முன்சக்கரம் வாசல் கல்லில் முட்டி நின்றிருக்கிறது; அந்த அழுத்தத்தில் ஸ்டீயரிங் பூட்டு இறுகிவிட்டது. பதறிப்போய்ச் சாவியை முறுக்கினேன்.

"ஏங்க, விடுங்க. ஒடிஞ்சிரும்" என்றாள்.

"ஆட்டோவுக்குப் போன் போடுறேன்."

"அம்புட்டு நேரம் தாங்காது. ஸ்டீயரிங்க நான் இழுக்குறேன். நீங்க சாவிய மெதுவாத் திருப்புங்க."

இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து அடுத்த வலி வந்தது. விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வந்த வலியோடு சேர்த்துத் தன் பக்கமாக இழுத்தாள். டக்கென்று சத்தம். வெண்ணெயில் கத்தி இறங்கியது போலச் சாவி திரும்பியது.

அவளுக்குக் கார் ஓட்டவே தெரியாது. எப்படித் தெரிஞ்சது என்று வழியில் கேட்டேன்.

"கதவுப் பூட்டு சிக்குனா கதவ இழுத்துப் பிடிச்சுத்தான தொறப்போம்? ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அவள் குரல் நடுங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. "யாரு சாயல்ணே?" என்று நர்ஸ் கேட்டார். முகத்தைப் பார்த்தால் என் சாயல்தான். மற்றதெல்லாம் அவளைப் போல இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.