கூடு என்றால் என்ன

ஓசூர், 1957

அன்புள்ள மகளுக்கு,

நான் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும், குழந்தைகளின் புத்தியைச் சோதிக்க எதற்கு இன்னொரு பயிற்சி என்று கேட்டிருந்தாய். நடந்ததைக் கேள்.

போன வாரம் மத்திகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் ராமக்கா என்ற சிறுமியிடம், “கூடுன்னா என்ன?” என்று கேட்டேன்.

“அம்மா ஆக்கறது.”

இப்படிப் பல பதில்களைத் தவறென்று குறித்து, மந்தபுத்தி என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளியிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள்.

இன்று சந்தையில் அவள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, “கூடு தின்னாரா, டாக்டரம்மா?” என்றாள். அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் கூடு என்றால் சோறாம்.

நேற்று இதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று காலை அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் அவளிடம் பெயரை மட்டும் கேட்டேன்.

“சொல்லேன்டி!” என்று பக்கத்துப் பெண் இடித்தாள்.

ராமக்கா வாயைத் திறக்கவில்லை.

உன்
அம்மா