நீலச் சட்டை என் தையல் கூடையில்

அன்பு மகள் டெல்னிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பன்றியும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். நீ சுகமாயில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் எழுதினால் நான் படித்துவிட்டேன் என்று அது உடனே காட்டிக்கொடுக்கும், நீயும் உடனே ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்வாய். அதனால்தான் இந்தத் தாள். மணிலாவுக்குக் கப்பலேறும் பக்கத்து வீட்டு ஓப்பெங் அக்கா கையில் கருவாட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். இதற்கு யாரும் லைக் போட முடியாது, உன்னையும் சேர்த்து.

போன செவ்வாய்க்கிழமை நீ ஒரு படம் போட்டிருந்தாய். காபிக் கடையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இன்று மதியம், தோழிகளோடு" என்று. நான் வழக்கம்போல, என் அழகுப் பெண்ணே நன்றாகச் சாப்பிடு என்று அடியில் எழுதினேன், உன் அத்தைமார் அத்தனை பேரும் வரிசையாக வந்து ஆமாம் போட்டார்கள். அப்புறம் அப்பாவின் கால்சட்டையைத் தைக்கலாம் என்று கூடைக்குள் கையை விட்டால் முதலில் வந்தது உன் நீலச் சட்டை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மாங்காய்க்கு எட்டிக் கையைத் தூக்கி அக்குளில் கிழித்துக்கொண்டு, "விடும்மா, அடுத்த தடவ வந்து எடுத்துக்கறேன்" என்று போட்டுவிட்டுப் போனாயே, அதே சட்டை. படத்தில் நீ போட்டிருந்ததும் அதுதான். இரண்டு வாங்கியிருப்பாளோ என்று முதலில் சிரித்தேன். பிறகு மற்ற படங்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் முடி தோள் வரை, அடுத்த நாள் போட்டதில் இடுப்பு வரை. எல்லாம் பழைய படங்கள். இரண்டு மாதமாக என் மகள் எனக்குப் பழைய சோற்றைச் சூடு பண்ணிப் போட்டிருக்கிறாள், நானும் ருசி தெரியாமல் தின்றிருக்கிறேன்.

உன் அறைத்தோழி மெரிஜோயை நான்தான் கூப்பிட்டேன், அவளைத் திட்டாதே. அந்தப் பெண் சொல்லமாட்டேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நாலாவது தடவை அழுதுவிட்டது. "ஆண்ட்டி, அவ மூணு வாரமா கிளாஸுக்கே வரல. போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு மத்தவங்க போடற படத்தையே பாத்துட்டுக் கெடக்கறா" என்றாள். ரெண்டு பாடத்தில் நீ தேறவில்லை என்பதையும் சொன்னாள். அதைக் கேட்டு நான் ஒன்றும் மயங்கி விழவில்லை, நான் பள்ளியில் தேறாத பாடத்துக்குக் கணக்கே கிடையாது. ஆனால் அடுத்து இன்னொன்றும் சொன்னாள். "ஃபெயிலானதைவிட அந்த பேனர நெனச்சுத்தான் பயப்படறா ஆண்ட்டி. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அதுக்கு அடியில நடந்து வருவேன்னு கேக்கறா."

அந்த பேனர். உனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது சந்து முகப்பில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக அப்பா கட்டியது. ஊர் வழக்கம்தானே, தேர்வில் ஜெயித்த வீட்டில் பேனர் கட்டாவிட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள். 'வாழ்த்துகள் டெல்னிட்டா, எங்கள் சந்தின் முதல் பொறியாளர்' என்று போட்டு, அதில் உன் முகத்தைவிட ஊர்த்தலைவர் எஸ்தெலிட்டோவின் முகம் பெரிதாக இருந்தது. அவர் அதைப் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டு, ஊரே பகிர்ந்து, துபாயில் இருக்கிறவர்கள்கூட வாழ்த்தினார்கள். நீ முதல் நாள் வகுப்புக்குக்கூடப் போகவில்லை, அதற்குள் உன்னைப் பொறியாளர் ஆக்கிவிட்டோம். மூன்று வருடமாகக் காற்றிலும் மழையிலும் அதை நாங்கள் கழற்றவேயில்லை. நான் செய்தது அதைவிட மோசம். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்னே போனைத் திறந்து பிறத்தியார் பிள்ளைகளைப் பார்ப்பதும், எதிர்வீட்டு லோர்னாவின் மகள் பரிசு வாங்கிய படத்தை உனக்கு அனுப்பி "பாத்தியா?" என்று கேட்பதும் எனக்குப் பழக்கமாகிப்போயிருந்தது. ஒன்றும் சொல்லவில்லையே, பாத்தியா என்றுதானே கேட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை அனுப்பியிருக்கிறேன் என்று நேற்று எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டேன். என்னை மன்னித்துவிடு கண்ணே.

உனக்கு நான்கு வயதாக இருந்தபோது அப்பா சவூதியில் இருந்தார். கேசட்டில் பேசிப் பதிவு பண்ணி அனுப்புவோம், ஞாபகம் இருக்கிறதா? சிவப்புப் பொத்தானை அழுத்துவது உன் வேலை, வேறு யாரும் தொட்டால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துவாய். அப்பாவுக்கு வணக்கம் சொல்லு என்றால், "அப்பா, அம்மா இன்னிக்கு என்னைக் கரண்டியால அடிச்சா, நீ வந்து அம்மாவ அடி" என்பாய். மூக்கை உறிஞ்சுவாய், சேவல் கூவும், நான் உன்னை அதட்டுவேன், அத்தனையும் அதில் ஏறிவிடும். வீட்டில் வேறு காலி கேசட் இல்லாததால் அப்படியே அனுப்பிவிடுவேன். அந்தச் சாயங்காலங்களை நான் மறக்கவே இல்லை. நாம் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து, நடுவில் அந்தப் பெட்டி, நீ அதற்குள் அப்பா இருக்கிறார் என்று நம்பி அதன் வாய்க்கருகில் பிஸ்கட்டை நீட்டுவாய். எவ்வளவு நல்ல காலம். அந்த வருடம் புயலில் கூரைத் தகரம் பாதி போய்விட்டது. அவர் பயப்படுவாரே என்று நீ தூங்கும்போது தனியாக உட்கார்ந்து, எல்லாரும் சௌக்கியம், வீடு நன்றாக இருக்கிறது என்று பதமாகப் பேசி ஒரு கேசட் அனுப்பினேன். ஊருக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "வீடு நல்லாருக்குன்னியே, அப்புறம் பாத்திரத்துல மழை சொட்டற சத்தம் ஏன்டி கேட்டுச்சு?" அந்த ஒரு கேசட்டால்தான் அங்கே வேலையே ஓடவில்லையாம். நீ மூக்கு உறிஞ்சிய கேசட்டைத்தான் நாடா தேயும்வரை போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார். எங்களுக்கு நீ அழுதாலும் அது நீயாக இருந்தால் போதும், டெல்.

அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பேனரை எடுக்கலாமா என்றதும் முதலில் எகிறினார். "சலூன்ல ஒக்காந்தாக்கூட அதப் பத்தித்தான் பேசறாங்க, எடுத்தா ஏன்னு கேப்பாங்களே" என்றார். மெரிஜோய் சொன்னதை அப்படியே சொன்னேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பட்டப்பகலில், சந்தே வேடிக்கை பார்க்க அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஓப்பெங் அக்கா கீழே நின்று "ஏன் டெல்ஃபின், என்னாச்சு?" என்று கேட்டதற்கு, "எம் பொண்ணு வீட்டுக்கு வரணும். இது வழிய மறைக்குது" என்று மட்டும் சொன்னார். எனக்கு இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அன்றைக்கு மிகவும் பெருமையாக இருந்தது. பேனர் இப்போது பன்றிக் கொட்டகைக்குக் கூரை, எழுத்தெல்லாம் உள்பக்கம். நீயும் தலைவர் எஸ்தெலிட்டோவும் பன்றியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்களிடம் எதையும் எதிர்பார்க்காமல் தவிடு தின்கிறது.

உங்கள் கல்லூரியில் மாணவர்கள் மனசுவிட்டுப் பேச ஒரு அம்மாள் இருக்கிறாராமே, மெரிஜோய் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். போய் உட்கார், பேச வராவிட்டால் அழு. படிப்பை விடுவதா தொடர்வதா என்பதை நீ இங்கே வந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகு பேசலாம். மத்தியானத்தில் போனை மெரிஜோயிடம் கொடுத்துவிட்டு வெயிலில் கொஞ்சம் நட. ஒவ்வொரு சனிக்கிழமையும் கப்பல் வருகிற நேரத்துக்கு அப்பா துறைமுகத்தில் நிற்பாராம். இந்த வாரம் நீ இல்லாவிட்டால் அடுத்த வாரமும் நிற்பார், அது அவர் பாடு. குழந்தை இயேசு உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், இங்கிருந்தே என் முத்தமும் சேரட்டும்.

கருவாட்டோடு நீலச் சட்டையைத் தேடாதே, அனுப்பவில்லை. அக்குளைத் தைத்து, துவைத்து, மடித்து உன் தலையணைமேல் வைத்திருக்கிறேன். வந்து போட்டுக்கொள். படம் எடுக்க வேண்டாம், நான் கண்ணால் பார்த்தால் போதும்.

உன்னைக் கரண்டியால் அடித்த
அம்மா நிட்டா